கத்திரி வெயிலில் திணறும் ஏ.சி.: வீட்டிலேயே சோதித்தறிந்து சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை போன்ற இடங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. கடற்காற்று தாமதமாக வீசும் நாள்களில் சென்னையும் அந்த அளவை எட்டிவிடுகிறது. அதுவரை ஒழுங்காக ஓடிய ஏ.சி. திணறத் தொடங்குவதும் இதே நாள்களில்தான். பகல் இரண்டு மணிக்கு இயந்திரம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அறையோ 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. மெக்கானிக்கை அழைத்தால் நான்கு நாள் கழித்து வருவதாகச் சொல்வார். இந்த நிலையில் பலரும் ரிமோட்டில் 16 டிகிரியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், அல்லது கேஸ் தீர்ந்துவிட்டது என்று தாங்களே முடிவு செய்து அதற்குப் பணம் செலவழிக்கிறார்கள். இரண்டாலும் பெரும்பாலும் பயன் விளைவதில்லை.

இயந்திரத்தில் பழுதா, அல்லது பழுதில்லாத இயந்திரத்தின் மீது அறை தாங்க முடியாத வெப்பச் சுமையை ஏற்றுகிறதா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்று, மருந்து வேறு. அதைப் பிரித்தறியும் சோதனையை அரை மணி நேரத்தில் எவரும் வீட்டிலேயே செய்யலாம். கீழே உள்ளவை தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருக்கும் ஸ்பிளிட் ஏ.சி.யை (இன்டோர் யூனிட் அறைக்குள்ளும் அவுட்டோர் யூனிட் வெளியேயும் இருக்கும் வகை) மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. பெரும்பகுதி ஜன்னல் ஏ.சி.க்கும் பொருந்தும். வீட்டில் முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி அல்லது சிறுநீரக நோயாளி இருந்தால் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

வெயிலில் ஏ.சி.யின் திறன் குறைவது ஏன்

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஒன்றரை டன் ஏ.சி. என்றால் மணிக்குச் சுமார் 18,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன் கொண்டது என்று பொருள். ஆனால் அந்தத் திறன் வெளியே 35 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கும் சோதனை நிலையில் அளக்கப்பட்டது. வெளியே 42 டிகிரி வெயில் அடிக்கும்போது, அதிலும் அவுட்டோர் யூனிட் அடைசலான பால்கனியில் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்போது, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தில் உழைக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் அதிகம் செலவாகிறது, வெளியேறும் வெப்பமோ குறைகிறது. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் அறைக்குள் வெப்பம் மிகுதியாக வருவதும் அதே நேரத்தில்தான். ஆகவே இரவில் 24 டிகிரியை எட்டும் அறை பகல் மூன்று மணிக்கு 27 டிகிரியில் நின்றுவிட்டால் அதை உடனே பழுது என்று கொள்ள வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் இதில் வேறுபாடும் உண்டு. வேலூரிலும் கரூரிலும் காற்று வறண்டிருக்கும், அங்கே ஏ.சி.யின் பகை வெப்பநிலை. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏ.சி.யின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றுவதிலேயே செலவாகிறது. கடலோர வீட்டில் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும், ஈரத்துணியை அந்த அறையிலேயே காயப்போடுவதும் ஏ.சி.யை எவ்வளவு வருத்தும் என்பதைப் பலர் உணர்வதில்லை.

முதற்படி: மின் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் பிளக், சாக்கெட், எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானாக அணையும் சுவிட்ச்) ஆகியவற்றைக் கவனியுங்கள். கருகிய நாற்றம், நிறம் மாறிய அல்லது இளகிய பிளக், சாக்கெட்டிலிருந்து வரும் சடசடப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை ஏ.சி.யை இயக்காதீர்கள். எம்.சி.பி. தானாக விழுந்தால் சற்றுப் பொறுத்து ஒரே ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் அது எச்சரிக்கை. அதை மீண்டும் மீண்டும் தூக்குவதும், விழாமல் இருக்கப் பெரிய அளவு எம்.சி.பி.யை மாட்டுவதும் சுவருக்குள் இருக்கும் ஒயரைத் தீக்கு இரையாக்கும் செயல்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஏ.சி.யை ஒரு நாளைக்குக்கூட ஓட்டக் கூடாது.

இரண்டாம் படி: ஃபில்டரைக் கழுவிவிட்டு அளந்து பாருங்கள்

சோதனைக்கு முன் ஃபில்டரைக் கழுவுவது அவசியம். அழுக்கு ஃபில்டரோடு அளந்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைத் தட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குழாய் நீரைப் பாய்ச்சி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். சாலையோர வீடுகளிலும் கட்டட வேலை நடக்கும் தெருக்களிலும் வாரம் ஒருமுறைகூடத் தேவைப்படும்.

இன்டோர் யூனிட்டிலோ செம்புக் குழாயிலோ பனிக்கட்டி படிந்திருந்தால் குளிர்விப்பதை நிறுத்திவிட்டு, ஃபேன் நிலையில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டு அது முழுவதும் உருகக் காத்திருங்கள். பனியைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ சுரண்டினால் காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) ஓட்டையாகிவிடும்.

இப்போது அளவிடலாம். கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் அறை வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. கதவு ஜன்னல்களை மூடி, கூல் நிலையில் ஃபேனை உச்ச வேகத்தில் வைத்து, இந்தச் சோதனைக்காக மட்டும் 18 டிகிரியைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் இன்வெர்ட்டர் ஏ.சி. (கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வகை) இடையில் வேகத்தைக் குறைக்காமல் முழுத் திறனில் ஓடும். 20 நிமிடம் கழித்து, காற்று உள்ளே நுழையும் மேற்பகுதியில் ஒருமுறையும் குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒருமுறையும் சில நிமிடங்கள் பொறுத்திருந்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. அறை குளிராததற்குக் காரணம் அறையின் வெப்பச் சுமை. கேஸுக்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். வித்தியாசம் 5 டிகிரிக்கும் கீழே இருந்தால் இயந்திரத்தில் கோளாறு இருக்கிறது. இடைப்பட்ட அளவு வந்தால் முதலில் அவுட்டோர் யூனிட்டைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் நல்ல ஏ.சி.கூடச் சற்றுக் குறைவான வித்தியாசமே காட்டும். அத்தகைய நாளில் ட்ரெயின் பைப்பில் தண்ணீர் தாராளமாக வடிகிறதா என்பதையும் பாருங்கள். வடிந்தால் காயில் குளிர்கிறது என்பதற்கு அதுவே சான்று.

பழுது என்று தெரிந்தால் இன்னும் சில விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்வது மெக்கானிக்குக்கு உதவும். அவுட்டோர் யூனிட்டின் விசிறி சுற்றுகிறதா? சுற்றினால் அதிலிருந்து சூடான காற்று வருகிறதா, வெறும் காற்று வருகிறதா? கம்ப்ரஸர் உறுமிவிட்டுச் சில நொடிகளில் அடங்கிவிடுகிறதா? அப்படியானால், இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி.யில் கம்ப்ரஸரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம். கோடைச் சூட்டில் மிகுதியாகப் பழுதாகும் உதிரிப்பாகம் இதுதான்; விலை குறைவு, மாற்றுவதற்கு ஆகும் நேரமும் குறைவு. ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் பயிற்சி இல்லாதவர் அதைத் தொடக் கூடாது. அவுட்டோர் வால்வில் மெல்லிய குழாய் மட்டும் பனி பூத்து, தடித்த குழாய் குளிராமல் இருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

மூன்றாம் படி: அவுட்டோர் யூனிட்டை மூச்சுவிடச் செய்யுங்கள்

என் கணிப்பில், நகரத்து அடுக்குமாடிகளில் ஏ.சி. திணறுவதற்கு மிகப் பெரிய காரணம் அவுட்டோர் யூனிட் பொருத்தப்பட்டிருக்கும் இடம்தான். கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடக் கூடாது என்று குறுகலான இடுக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறேழு யூனிட்டுகளை மாட்டிவிடுகிறார்கள்; கீழ்த்தளத்து யூனிட் கக்கும் சூடு மேலே ஏறி, மேல்தளத்து யூனிட்டுக்கு உள்ளிழுக்கும் காற்றாகிறது. பால்கனியில் வைத்திருப்பவர்களோ துணிக்கொடி, பழைய சைக்கிள், அட்டைப் பெட்டி என்று முன்புறத்தை அடைத்துவிடுகிறார்கள். புறாவுக்காகக் கட்டிய நெருக்கமான வலையும் தூசி பிடித்துச் சுவராகிவிடுகிறது.

முன்புறம் குறைந்தது ஒரு மீட்டர் வரை தடையில்லாமலும், பின்புறமும் பக்கங்களும் கையேட்டில் சொல்லியுள்ள இடைவெளியோடும் இருக்கட்டும். பிறகு எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, பின்பக்கக் காயிலில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் செங்குத்தாக மட்டும் வருடி நீக்கி, மெதுவான நீர்த்தாரையால் கழுவுங்கள். வாகனம் கழுவும் அழுத்தப் பம்பை நெருக்கமாகப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்றோட்டம் முன்பைவிடக் குறைந்துவிடும். முழுவதும் நீர் வடிந்த பிறகே மின்சாரத்தைக் கொடுங்கள். உயரத்தில் தொங்கும் யூனிட்டை எட்டிப் பிடித்துக் கழுவ முயலவே வேண்டாம். பாதுகாப்புக் கயிறு அணிந்து ஏறுபவருக்கே அந்த வேலையை விடுங்கள்.

அவுட்டோர் யூனிட்டின் மீது நாள் முழுவதும் தண்ணீர் தெளித்தால் நன்றாகக் குளிரும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்துக்குக் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு தகடுகளில் வெள்ளையாகப் படிந்து, ஒரே கோடையில் காயிலைக் கெடுத்துவிடக்கூடும். கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக யூனிட்டுக்கு மேலே நன்கு இடைவெளி விட்டு, காற்றோட்டத்தை மறைக்காதபடி நிழல் தரும் ஒரு தகடோ பச்சை வலையோ கட்டுவது நல்லது.

நான்காம் படி: அறைக்குள் வரும் வெப்பத்தை வாசலிலேயே நிறுத்துங்கள்

இயந்திரம் சரியாக இருந்தும் அறை குளிராதவர்களுக்கு உண்மையான தீர்வு இங்கேதான் இருக்கிறது. மேல்தளத்து வீட்டின் கான்கிரீட் கூரை பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, அந்தி சாய்ந்த பிறகு அதை அறைக்குள் விடத் தொடங்குகிறது. நள்ளிரவு வரை அது ஓய்வதில்லை. பகல் வெயில் தணிந்த பிறகும் ஏ.சி. ஏன் ஓய்வெடுக்கவில்லை என்று வியப்பவர்கள், நாற்காலி மீது ஏறி நின்று கூரையின் அடிப்பகுதியைக் கையால் தொட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

இதற்கு மிக மலிவான மருந்து சுண்ணாம்பு. மொட்டை மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்புக் கரைசலில் பசை சேர்த்து இரண்டு முறை பூசினால் வெயிலின் பெரும்பகுதி பட்ட இடத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. மழைக்குப் பின் அது மங்கிவிடும் என்பதால் ஆண்டுதோறும் பூச வேண்டும். வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் சில ஆண்டுகள் நிற்கும்; வெள்ளை ஓடு பதிப்பது அதிகச் செலவு, ஆனால் நீண்ட காலத்துக்குப் பயன்படும். எதைச் செய்தாலும் வெண்மை மங்காமல் தூசியை அவ்வப்போது கழுவ வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தல் போடும் பழைய வழக்கம் இன்றும் சிறந்ததே; தீப்பொறி படாத இடமாகவும், கோடை மழைக் காற்றைத் தாங்கும்படி இறுக்கிக் கட்டியதாகவும் அது இருக்க வேண்டும்.

ஜன்னலில் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே சிறந்தது. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து திரையைச் சூடாக்கி, அந்தச் சூட்டை அறையிலேயே விட்டுவிடுகிறது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ கெட்டியான துணியோ தொங்கவிடுங்கள். ஆனால் நனைத்த வெட்டிவேர்த் தட்டியையும் ஏர் கூலரையும் ஏ.சி. ஓடும் அறையில் பயன்படுத்தாதீர்கள். அவை காற்றில் சேர்க்கும் ஈரத்தை ஏ.சி. மறுபடியும் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கும். ஏ.சி. அறவே நின்றுபோன வறண்ட உள்மாவட்ட வீட்டில் இவை அருமருந்து. சென்னைப் புழுக்கத்தில் பலன் சொற்பம்.

கதவின் அடியிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைப்பது, அட்டாச்டு குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைப்பது, சமையலைக் காலை ஒன்பது மணிக்குள் முடிப்பது, குடும்பம் முழுவதும் பகலில் ஒரே அறையில் இருப்பது ஆகியவை சிறியவைபோலத் தோன்றினாலும் சேர்ந்து பெரிய பலன் தரும்.

ஐந்தாம் படி: திணறும் இயந்திரத்தை ஓட்டும் முறை

சுவரும் கட்டிலும் அலமாரியும் சூடேறிய பிறகு ஏ.சி.யைப் போட்டால், அது காற்றை மட்டுமன்றி அவை அனைத்தையும் குளிர்விக்க வேண்டும். ஆகவே நண்பகலில் தொடங்காமல், அறை இன்னும் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும் காலை ஒன்பது, பத்து மணிக்கே 26 டிகிரியில் தொடங்கிவிடுங்கள். வறண்ட ஊர்களில் விடியற்காலையில் ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சுவரைக் குளிரவிட்டு, வெயில் ஏறும் முன் மூடிவிடலாம். கடலோரத்தில் இதனால் வரும் நன்மையை உள்ளே புகும் ஈரம் தின்றுவிடும்.

16 டிகிரி வைப்பதால் சாதாரண ஏ.சி. விரைவாகக் குளிர்விப்பதில்லை, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியையே இயல்பு அளவாகக் கொண்டிருக்க வேண்டும் என்பதை 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பதும் அதன் கணக்கு. 26 அல்லது 27 டிகிரியில் வைத்துச் சீலிங் ஃபேனைச் சுழலவிட்டால், காற்று உடலில் படுவதால் இரண்டு மூன்று டிகிரி குறைவாக உணர்வோம். இயந்திரத்துக்கும் அவ்வப்போது மூச்சுவிட இடம் கிடைக்கும்.

மாலையில் தெருவெல்லாம் ஏ.சி. ஓடும் வேளையில் வோல்டேஜ் இறங்குவது மற்றொரு தொல்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் பழைய வகைக் கம்ப்ரஸர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, பாதுகாப்புக் கருவியால் நிறுத்தப்படும். சற்று நேரம் குளிர்காற்று, சற்று நேரம் வெறும் காற்று என்று மாறிமாறி வருவது இதன் அடையாளம். ஸ்டெபிலைசரின் திரையில் வரும் அளவையும் நேரத்தையும் ஓரிரு நாள் குறித்துக்கொண்டு, மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பதிவு செய்தால் டிரான்ஸ்ஃபார்மரின் சுமை பற்றிய புகாராக அது வலுப்பெறும். மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் உடனே ஏ.சி.யைப் போடாமல் குறைந்தது மூன்று நிமிடம் பொறுத்திருங்கள்.

ஆறாம் படி: மெக்கானிக்கிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது

தொலைபேசியில் "கூலிங் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எதையும் எடுத்துவர முடியாது. நிறுவனம், டன், மாடல், இன்வெர்ட்டரா இல்லையா, அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கேஸ் வகை, திரையில் மின்னும் பிழைக்குறி, நீங்கள் அளந்த வெப்பநிலை வித்தியாசம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். இப்படிச் சொல்பவரின் வீட்டில் தேவையற்ற வேலையைச் செய்து காசு வாங்குவதும் எளிதல்ல.

கேஸ் பற்றி ஒன்றை உறுதியாக நினைவில் கொள்ள வேண்டும்: அது எரிபொருளைப்போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது சில வாரங்களில் மீண்டும் அதே செலவைக் கொண்டுவரும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடுவது, அதை அடைப்பது, வாக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு எடைபோட்டுக் கேஸ் ஏற்றுவது என்பதுதான் சரியான வரிசை. இந்த வரிசையில் செய்வீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏ.சி.களில் பயன்படும் கேஸ் வகைகளில் ஆர்-32 எளிதில் பற்றிக்கொள்ளாவிட்டாலும் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. ஆர்-290 என்பது புரொப்பேன், அது சமையல் எரிவாயுவைப்போலவே எரியக்கூடியது. ஆகவே வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், இவற்றின் அருகே தீயைப் பயன்படுத்த விடாதீர்கள். வேறு வகைக் கேஸை மாற்றி ஏற்றவும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே அந்த வெப்பமானிச் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள்.

ஏ.சி. நின்றே போனால்: மனிதர்களைக் காப்பது

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மூடிய வீட்டுக்குள் இருப்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு. இயந்திரம் சரியாகும்வரை மேல்தளத்தில் இருப்பவர்கள் கீழ்த்தளத்துக்கு, உறவினர் அல்லது அண்டை வீட்டாரின் குளிர்ந்த அறைக்குப் பகல் வேளையில் மாறிவிடுங்கள். இதில் தயக்கமே கூடாது. சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிர்சாதன வசதியோடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன.

அறையின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிட்டால் மின்விசிறி உடலைக் குளிர்விக்காமல் மேலும் சூடாக்கும் என்பதால், அந்நிலையில் அதை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்போது ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும், கைகால்களை நனைப்பதும், அடிக்கடி குளிப்பதுமே கைகொடுக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர், உப்பிட்ட நீர்மோர், ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்ற அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றைக் குடிக்கச் செய்யுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியமும், இதய நோயாளிகளுக்கு அதிகப்படியான நீரும் உப்பும் கேடாகலாம். இவர்களுக்கும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் எவ்வளவு தரலாம் என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை தோன்றினால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிப் படுக்கவைத்து நீராகாரம் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினால், வலிப்பு வந்தால், உடல் அனலாகக் கொதித்து நினைவு தப்பினால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்); உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடலைக் குளிர்விப்பதை மட்டும் விடாமல் தொடருங்கள்.